குறை: இல்லை

பிப்ரவரி 9

இன்று சொல்லாதது: வாலை நறுக்கிய அன்று பச்சை ரிப்பன் குட்டிக்கு ரத்தம் நிற்கவே இல்லை.

அதை விலைக்கு வாங்க வந்த தையல்காரம்மா மடியில் வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். எதிரே மேசையில் நான் வம்சத் தாள் எழுதிக்கொண்டிருந்தேன். அண்ணன் டாபர்மேன் நாய்கள் வளர்த்து விற்பவன்; தாள் எழுதுவது மட்டும் என் வேலை. என் கையெழுத்தைப் பார்த்தாலே ராஜபரம்பரை என்று தோன்றுமாம். நான்கு தலைமுறைப் பெயர்கள். தாய் ராணியின் வழியில் சுல்தான். தந்தை வழியிலும் அதே சுல்தான். கடைசிக் கட்டம் 'பரம்பரைக் குறை'. இல்லை என்று எழுதினேன். சுழித்து, அழகாக.

வால் நறுக்கிய அன்று மற்ற ஐந்து குட்டிகளும் பத்து நிமிடத்தில் தாயிடம் ஒண்டித் தூங்கிப்போயின. பச்சைக்கு மட்டும் சாயங்காலம் வரை கசிந்தது. துணியை நான்தான் மாற்றி மாற்றிப் பிடித்திருந்தேன்.

பிப்ரவரி 10

அண்ணனிடம் கேட்டேன். கத்தி கொஞ்சம் ஆழமாக இறங்கிவிட்டதாம். அண்ணி அடுப்படியிலிருந்தே, "டாக்டரம்மா ஆராய்ச்சியை ஆரம்பிச்சாச்சு" என்றாள். இந்த வீட்டில் புத்தகம் படிப்பது ஒரு நோய். அதற்கு மட்டும் எல்லோரும் பெயர் வைத்திருக்கிறார்கள்.

மார்ச் 3

ராணியைத் தடுப்பூசிக்குக் கூட்டிப்போனபோது, போன வாரம், மருத்துவரிடம் பச்சையைப் பற்றிச் சொல்லியிருந்தேன். ராணியின் ரத்தத்தைச் சோதனைக்கு அனுப்பினார். இன்று முடிவு வந்தது. ரத்தம் உறையத் தேவையான ஒரு பொருள் ராணிக்கே குறைவு. இந்த இனத்தில் அடிக்கடி வருவதாம். தந்தைக்கும் இருந்தால் சில குட்டிகளுக்கு முழுதாக இறங்கியிருக்கும்.

"வெளியில ஒண்ணும் தெரியாதும்மா. நல்லா ஓடும், சாப்பிடும். அடிபட்டாலோ ஆபரேஷன் பண்ணினாலோதான் தெரியும். வாங்கினவங்ககிட்ட சொல்லிடுங்க. முன்னாடியே தெரிஞ்சா மருந்து போட்டுக் காப்பாத்திடலாம்."

மார்ச் 4

அண்ணனிடம் முடிவைக் காட்டினேன். படித்தான். மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

"இது வெளிய போனா ராணி பேரே போச்சு. அதுவும் போக, தாள்ல இருக்கிறது யார் கையெழுத்து?"

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. தங்கைக்கு நல்லது சொல்கிற குரலில் சொன்னான். அதுதான் — அந்தக் குரல்தான்.

மார்ச் 19

தையல்கடைக்குப் போனேன். பச்சை இயந்திரத்தின் அடியில் படுத்து வெட்டுத் துணியை மென்றுகொண்டிருந்தது. "இதுக்குப் பொத்தான்னா உசுரு, மூணு முழுங்கிருச்சு" என்று தையல்காரம்மா சிரித்தார். ஒரு ரவிக்கையைப் பிரித்துத் தைக்கக் கொடுத்துவிட்டு வந்தேன். ரவிக்கை சரியாகத்தான் இருந்தது.

ஏப்ரல் 2

ரவிக்கையை வாங்க இன்னும் போகவில்லை.

ஆகஸ்ட் 14

இன்று போனேன். இயந்திரத்தின் அடியில் யாரும் இல்லை.

பச்சைக்குக் கருத்தடை ஆபரேஷனாம், போன செவ்வாய். கத்தி எடுப்பதற்கு முன் அங்கிருந்த வேறொரு மருத்துவர் கேட்டிருக்கிறார், வம்சத்தில் ரத்தக் கோளாறு ஏதாவது உண்டா என்று. தையல்காரம்மா தாளை எடுத்துக் காட்டியிருக்கிறார். பத்திரமாக உறை போட்டு வைத்திருந்தாராம். மருத்துவர் கடைசிக் கட்டத்தைப் படித்துத் தலையாட்டியிருக்கிறார். தையல் போட்டு அனுப்பிய பிறகு உள்ளே கசியத் தொடங்கியிருக்கிறது. மறுநாள் மத்தியானம் வரை உயிர் இருந்தது.

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர்,

"உங்க மேல ஒரு குத்தமும் இல்லம்மா. நீங்கதான் எல்லாத்தையும் தெளிவா எழுதிக் கொடுத்திருந்தீங்களே."

ரவிக்கையைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். வாங்கிக்கொண்டு, நன்றி என்றேன். என்ன ஜென்மம் நான்? நன்றியாம்.

ஆகஸ்ட் 16

சொல்லிவிட்டேன். முழுவதும். தேதியோடு.

தையல்காரம்மா இயந்திரத்தை மிதிப்பதை நிறுத்தவில்லை. துணியின் ஓரம் வரை தைத்து, நூலை அறுத்துவிட்டு, "மார்ச்சுல ரவிக்கை கொடுக்க வந்தீங்களே, அப்பவே தெரியுமா?" என்று கேட்டார்.

தெரியும் என்றேன்.

அடுத்த துணியை எடுத்து ஊசிக்கடியில் வைத்தார்.

நவம்பர் 30

இனி தாள் எழுத மாட்டேன் என்று அண்ணனிடம் சொன்னேன். அவன் வாக்குவாதமே செய்யவில்லை. அச்சகத்தில் கொடுத்து நூறு தாள் அடித்து வாங்கிவிட்டான். பெயர்களை மட்டும் அண்ணி நிரப்புகிறாள். கடைசிக் கட்டத்தில் 'இல்லை' அச்சிலேயே வந்துவிடுகிறது.

ராணிக்கு இந்த முறை ஏழு குட்டிகள். அதே தந்தை. இன்று ஏழாவதும் விற்றுப் போயிற்று.