ஒரு விசில், ரெண்டு விசில்

ஜனவரி 6, திங்கள்
"பேராவூரணி, பேராவூரணி" என்று கத்திக் கத்தி மதியத்துக்குள் தொண்டை அடைத்துவிட்டது. ஒரு வருஷத்தில் இது ஏழாவது தடவை. நாளை மறுநாள் டான்சில் ஆபரேஷன். "கண்டக்டருக்கு முப்பத்தேழு வயசுல சின்னப்புள்ள வியாதி" என்று டிரைவர் துரைராசு அண்ணன் கேலி செய்கிறார். மனைவி கயல்விழி தலைப்பிரசவத்துக்கு வேதாரண்யத்தில் தாய்வீடு போயிருக்கிறாள். வீட்டில் அம்மாவும் நானும்தான்.

ஜனவரி 9
பேச வாயைத் திறந்தால் வலி காது வரை போகிறது. ஐஸ்கிரீம் வேண்டும் என்று நோட்டில் எழுதி நீட்டினேன். அம்மா தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள். அவளுக்கு எழுத்து தெரியாது. தெரியாததா எனக்கு? வலியில் மறந்துவிட்டேன்.

ஜனவரி 10
சட்டையில் தொங்கிய விசிலை எடுத்துவந்தேன். ஒன்று ஊதினால் வேண்டாம், ரெண்டு ஊதினால் சரி. பஸ்ஸில் போய்ப் பழகியவள், உடனே பிடித்துக்கொண்டாள்.

ஜனவரி 13
கயல்விழி போன் செய்தாள். கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தேன்.

ஜனவரி 14
பொங்கல் ஒரு வாய்கூட இறங்கவில்லை. வலி ஏன் கூடிக்கொண்டே போகிறது? அம்மா டார்ச் அடித்துப் பார்த்தாள். "வெள்ளையா இருக்கே. சோறுதான் சிக்கியிருக்கு. மருதையன் வந்து தொக்கம் எடுத்தா சரியாப் போயிடும்."
அது சோறில்லை, புண் ஆறும்போது படியும் பக்கு. டாக்டர் சொன்னார். இதை விசிலில் எப்படிச் சொல்வது? ஒன்று ஊதினேன். "சரிடா, சரி" என்று போனாள்.

ஜனவரி 15
கூட்டிவந்தே விட்டாள். ஊரில் யாருக்குத் தொண்டையில் சிக்கினாலும் விரல் விட்டு எடுக்கிறவர் மருதையன்தான். அம்மா என் தலையைப் பிடித்துக்கொண்டாள். ஒன்று ஊதினேன். மறுபடியும் ஒன்று.
"ரெண்டே நிமிஷம்டா, கண்ண மூடிக்க."
அப்புறம் வாயில் அவர் விரல்தான் இருந்தது. நான் என்ன பண்ண முடியும்? அழுதேன். வேற ஒண்ணும் முடியல.

ஜனவரி 18, ஆஸ்பத்திரி
பதினாறாம் தேதி காலை வாயிலிருந்து ரத்தம். நிற்கவே இல்லை. துரைராசு அண்ணன் கார் பிடித்தார். காணும் பொங்கல் கூட்டத்தில் வண்டி நகரவில்லை. அம்மா மடியில் வாளி. தஞ்சாவூர் வரை ஒன்றையேதான் சொல்லிக்கொண்டு வந்தாள்: "நிறுத்துன்னு ஊதுனியேடா, நான் கேக்கலியே."
மறுபடி மயக்க மருந்து, மறுபடி தியேட்டர். இன்று டாக்டர் சொன்னார்: "இந்த நாள்ல பக்கு தானா உரிஞ்சும் ரத்தம் வரும். விரல் பட்டதாலயும் இருக்கலாம். உறுதியாச் சொல்ல முடியாது." அப்போது அம்மா அறையில் இல்லை. அவளுக்கு இதை எழுதிக் காட்டவும் முடியாது.
விசில் ஊதக் கூடாதாம். அம்மா அதை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

ஜனவரி 22
கோபமா இருக்கு. அவ முகத்தப் பாத்தா கோபப்படவும் முடியல.

பிப்ரவரி 3
ஊதலாம், பேசலாம் என்று டாக்டர் நேற்றுச் சொல்லிவிட்டார். இன்று குரல் வந்தது, கரகரவென்று. அம்மா கஞ்சி டம்ளரோடு வாசற்படியில் நின்றாள். கொஞ்ச நாளாக அப்படித்தான், நான் தலையாட்டினால்தான் கிட்டவே வருகிறாள்.
"தானாவும் ரத்தம் வருமாம், டாக்டர் சொன்னாரு. உன்னாலன்னு இல்லம்மா. குடு."
அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து விசிலை நீட்டினாள்.
மெதுவாக ரெண்டு ஊதினேன். அப்புறம்தான் டம்ளரை எடுத்துக் கையில் தந்தாள்.