அண்டாவில் மூழ்கிய கப்பல்

நோன்புக் கஞ்சி காய்ச்ச அண்டாவில் பிடித்துவைத்த தண்ணீரில் பச்சைப் பெயிண்ட் மிதந்தது. தான் செய்த பொம்மை நீர்மூழ்கிக் கப்பலை, பெயிண்ட் காயுமுன்னே மீரா உசேன் அந்த அண்டாவில் மூழ்கடித்துப் பார்த்திருக்கிறான். தூங்குகிறவனை எழுப்பாமல், அவன் மனைவி சபிஹா காலண்டர் தாளைக் கிழித்து எழுதினாள்:

"மச்சான், நான் தங்கச்சி வீட்டுக்குப் போறேன். இந்தத் தண்ணியில யாரு கஞ்சி காய்ச்சுறது? பள்ளிவாசல்ல போய் வாங்கிக்குங்க. தூக்குச்சட்டி ஆணியில தொங்குது. அண்டாவை நீங்களே தேய்ங்க. அபுதாபியிலேர்ந்து வந்த நாளா அந்தக் கப்பலோடதான் குடித்தனம் பண்றீங்க."

வாசல்வரை போனவள் திரும்பிவந்து, அடியில் நெருக்கி எழுதினாள்:

"கப்பலுக்குள்ள எட்டு ஆள் பொம்மையை முட்டி இடிக்க அடைச்சிருக்கீங்க. அபுதாபி ரூம்லயும் எட்டுப் பேர்தான்னு சொன்னீங்களே. வீட்டுக்கு வந்தாச்சு மச்சான். அதுலேர்ந்து வெளிய வாங்க."