திரிந்த பேட்ச்

அக்கா,

இன்று காலை வேலம்பாளையம் பஸ்ஸில் எனக்கு முன்னால் நின்ற பெண்ணின் சுடிதாரில் நம் கம்பெனி சாஃப்ட்னரின் ரோஜா வாசனை. அவர் இறங்கும்வரை உங்கள் பின்னால் நிற்பதுபோலவே இருந்தது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், எங்கள் வீட்டின் முதல் டிகிரிக்காரி என்ற பயத்தோடு, லேப் மூலையில் யாரிடமும் பேசாமல் இருப்பேன். மிக்ஸிங் டேங்க் மேலிருந்து நீங்கள்தான் கூப்பிடுவீர்கள்.

"ஏ பிள்ள, துணி மெத்துனு ஆகுதது இந்தப் பேஸ்டாலதானே? பெறகு எதுக்கு இந்தப் பொடி?"

கெட்டியாக்கத்தான், தண்ணீராக இருந்தால் கடைக்காரர் வாங்கமாட்டார் என்பேன்.

"அப்ப இது துணிக்கு இல்ல, கடைக்காரனுக்கு!"

அந்த ஹெச்.இ.சி. பொடி ஒரே இடத்தில் விழுந்தால் கட்டிதட்டிவிடும். சுழலும் தண்ணீரில் சல்லடையைத் தட்டித் தட்டி, அவசரமே இல்லாமல் நீங்கள் தூவுவதை என் வேலையை விட்டுவிட்டுப் பார்ப்பேன்.

ஒரு நாள் பொடி தீர்ந்தது. ஸ்டோருக்கு அனுப்பும் இண்டென்ட் சீட்டில் முழுப் பெயர் எழுதாமல் 'செல்லுலோஸ் பவுடர்' என்று மட்டும் எழுதினேன். பிரிண்டிங் யூனிட்டுக்கு வாங்கிவைத்திருந்த சி.எம்.சி. என்ற வேறு பொடியை ஸ்டோரில் கொடுத்துவிட்டார்கள். அதுவும் செல்லுலோஸ்தான். ஆனால் அது எதிர்மின்னேற்றம் கொண்டது, நம் சாஃப்ட்னர் நேர்மின்னேற்றம், சேர்ந்தால் திரியும். நான் படித்து மார்க் வாங்கிய பாடம்.

"பிள்ள, இது நம்ம பொடிதானா? நெறம் மங்கலா இருக்கே."

கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்காமல், "அதேதான், போடுங்க" என்றேன். மூட்டையைப் பார்க்கப் பத்து அடி நடந்திருந்தால் போதும்.

டேங்க் முழுக்கத் திரிந்த பால்போல ஆனது. ஓடிவந்து மூட்டையின் எழுத்தைப் படித்தேன். மேனேஜர் வருவதற்குள் அந்தக் காலி மூட்டையை மடித்துக் குப்பைத் தொட்டியில் போட்டதும் நான்தான்.

"ஏம்மா, ஒரேயடியாக் கொட்டீட்டயா? வாய் பேசற நேரத்துல கையைப் பாக்கறதில்லயா?" என்று அவர் உங்களிடம் கத்தினார்.

"இல்ல சார், நான்..." என்று ஆரம்பித்து என்னைப் பார்த்தீர்கள். நான் பீக்கர் கழுவிக்கொண்டிருந்தேன். அது ஏற்கெனவே சுத்தமான பீக்கர்.

"அடுத்தவாட்டி பாத்துக்கிடுதேன் சார்" என்றீர்கள்.

மறுநாள் உங்களை டேங்கிலிருந்து இறக்கி, பின்பக்கம் டிரம் கழுவப் போட்டார்கள். மதியம் வழக்கம்போல என் பக்கத்தில்தான் உட்கார்ந்தீர்கள். விரல்களெல்லாம் ஊறிச் சுருங்கியிருந்தன.

"மூட்டையில எழுத்து வேறயால்லா இருந்துச்சு, பிள்ள?"

நான் டிபன் டப்பாவை மூடினேன்.

"சரி, சாப்பிடு."

நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று நான்கு மாதம் போயிற்று. லீவில் ஊருக்குப் போன நீங்கள் காமாலையில் இறந்துவிட்டதாக உங்கள் தம்பி வந்து சொன்னான்.

இப்போது லேப் என் பொறுப்பில். போன வாரம் மேனேஜர் முன்னால் போய் நின்றேன். அந்த பேட்ச்சைக் கெடுத்தது நான்தான், அக்கா இல்லை என்றேன். இரண்டு வருடமாக மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்த வாக்கியம், ஒருவழியாகத் திக்காமல் வந்தது.

அவர் மொபைலிலிருந்து நிமிர்ந்தார்.

"எந்த பேட்ச் கண்ணு? எத்தனையோ திரிஞ்சிருக்குது. அதையெல்லாம் யாரு ஞாபகம் வெச்சிருக்கறா? போயி வேலையப் பாரு."

தெரிந்தவர்கள் நாம் இரண்டு பேர்தான், அக்கா. இப்போது நான் ஒருத்தி.