ஈரச் சட்டையோடு ஒரு நடை

அண்ணாச்சி,

இன்று காலை வினிகர் கேனைத் திறந்ததும் குளியலறை முழுக்க நீங்கள் வந்துவிட்டீர்கள். இறந்துபோனவரை இந்தப் புளித்த வாசனையிலா நினைப்பது என்று யாரும் சிரிக்கலாம். எனக்கு அப்படித்தான் வருகிறது. சட்டையை ஊறப்போட்டுவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். கை மெதுவாகத்தான் போகிறது. ஒரு வரி முடிந்ததும் நானே அதை வாசித்துப் பார்க்கிறேன். மனதில் நினைத்தது அப்படியே தாளில் இருக்கிறது. இந்த வயதில் இப்படி ஒரு சந்தோஷம்.

எழுதப் படிக்க நான் கற்பது பாதியில் நின்றுபோக இருந்தது. கோயில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு. குட்டி நாற்காலிகளில் பிள்ளைகள், நடுவில் நான். ஒருநாள் பக்கத்திலிருந்த சிறுமி நாற்காலியை இழுத்துத் தள்ளிப் போட்டுக்கொண்டாள். அடுத்த வாரம் பனியன் கழுத்தை மூக்குவரை ஏற்றிவிட்டுக்கொண்டாள். டீச்சர் போய்க் கதவைத் திறந்துவைத்தார். கிழவன் பக்கத்தில் உட்காரப் பிள்ளைக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்தேன். இனிப் போவதில்லை என்று மறுநாள் நம் அபார்ட்மெண்ட் குளத்தைச் சுற்றி நடக்கும்போது உங்களிடம் சொன்னேன்.

நீங்கள் நின்றுவிட்டீர்கள். "கோவிச்சுக்காதயும். ஒம்ம கக்கம் நாறுதுவே," என்றீர்கள்.

கோபித்துக்கொண்டுதான் போனேன். வீட்டில் சட்டையைக் கழற்றி மோந்தேன். எனக்கு எதுவும் தெரியவில்லை. ஆனால் அக்குள் இரண்டும் மஞ்சளடித்து, அப்பளம் மாதிரி விறைத்திருந்தன. மார்க்கெட்டில் மூட்டை தூக்கிய காலத்தில் வெற்றுடம்பும் ஒரு துண்டும்தான். வேர்வை காற்றோடு போய்விடும். இங்கே மகனோடு வெளிநாட்டுக்கு வந்தபின் வீட்டுக்குள்ளும் சட்டை. வெள்ளைச் சட்டை பழுத்தால் நீலம் போட வேண்டும், எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இந்தியக் கடையில் வாங்கிய நீலத்தை, கறை நன்றாகப் போகட்டும் என்று அக்குளில் மட்டும் நேராக ஊற்றித் தேய்த்தேன். மஞ்சளோடு நீலம் சேர்ந்து பச்சையாகிவிட்டது. மறுநாள் அதோடுதான் உங்கள் முன்னால் வந்து நின்றேன். கையைத் தூக்கச் சொன்னீர்கள்.

"கக்கத்துல கீரைப்பாத்தி போட்டிருக்கீரா?"

சிரித்து முடிக்க இருவரும் பெஞ்சில் உட்கார வேண்டியிருந்தது.

உங்கள் மகள் ஆபீஸ் போனபின் உங்கள் குளியலறையில் வேலை ஆரம்பித்தது. சட்டையின் உள்பக்கத்தை வெளியே திருப்பி, குளிர்ந்த தண்ணீரில் வெள்ளை வினிகர் கலந்து ஊறவைத்தீர்கள். அலசியபின் சமையல் சோடாவைக் குழைத்துப் பூசி, பழைய டூத் பிரஷால் தேய்த்தீர்கள். மெஷினில் சூட்டோடு உலர்த்துவதால்தான் கறை துணியோடு ஒட்டிப்போகிறது என்றீர்கள். எப்படித் தெரியும் என்று கேட்டேன். நீங்கள் பஸ் கண்டக்டராக இருந்தவர். "ஆயுசு பூரா அடுத்தவன் மூக்குக்கு நேரா கையத் தூக்கிக்கிட்டு நின்னவன்வே நான்."

வெயிலில் காயவேண்டும். பால்கனியில் துணி தொங்கக்கூடாது என்பது அபார்ட்மெண்ட் சட்டம். அதனால் ஆளுக்கொரு ஹேங்கரில் ஈரச் சட்டையை மாட்டி, தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு குளத்தைச் சுற்றினோம். இந்த இர்விங் ஊர் வெயிலுக்குக் கை மாற்றி மாற்றி நடப்பதற்குள் காய்ந்துவிடும். நாயோடு வந்த வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி நின்று ஏதோ கேட்டாள். "ஒம்ம சட்டைக்கு வெலை கேக்கா," என்று எனக்கு விளக்கினீர்கள்.

அந்த ஞாயிறு நான் காரில் ஏறுமுன் என் கையைத் தூக்கி மோந்து பார்த்து, "போம்," என்றீர்கள். அதன்பின் எல்லா ஞாயிறும் அந்த ஒரு வார்த்தை கேட்டுத்தான் கிளம்புவேன். சிறுமி நாற்காலியை நகர்த்தவில்லை. கொஞ்ச நாளில் என் எழுத்தைத் திருத்தவும் ஆரம்பித்தாள்.

நெஞ்சு வலிக்கிறது என்று உங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நீங்கள் திரும்பவில்லை. இப்போது குளத்தை நான் மட்டும் சுற்றுகிறேன். இருவராக நடந்தபோது நின்று கேட்டவர்கள், ஒற்றை ஆள் ஈரச் சட்டையோடு வந்தால் விலகிப் போகிறார்கள். ஞாயிறு காலையில் உடுத்திக்கொண்டு நின்றால், போகலாமா கூடாதா என்று சொல்ல ஆளில்லை. மருமகளிடம் கேட்டேன். "அய்யோ, அதெல்லாம் ஒண்ணுமில்ல மாமா," என்று தலையைக் குனிந்துகொண்டாள். நல்ல பெண். நாறினாலும் அவள் அதைத்தான் சொல்லியிருப்பாள். தலைவலி என்று சொல்லிச் சில ஞாயிறு வகுப்புக்குப் போகாமலே இருந்துவிட்டேன்.

போன வாரம் மகன் கார் சாவியோடு வந்து நின்றான். இன்றைக்குமா தலைவலி என்று கேட்டான். நான் கையைத் தூக்கிக் காட்டினேன். "நாறுனா நாறுதுன்னு சொல்லோணும் கண்ணு. மரியாதையெல்லாம் பாக்காத."

அவன் போனைப் பாக்கெட்டில் வைத்தான். பிறகு கிட்டே வந்து குனிந்தான். சின்னப் பிள்ளையாக இருந்தபோதுதான் அவன் தலை என் நெஞ்சுக்கு இவ்வளவு பக்கத்தில் வந்திருக்கிறது. உச்சியில் நரைத்திருக்கிறான். ஒரே வீட்டில் இருந்தும் எனக்குத் தெரியவில்லை.

"லெஃப்ட் சைடு லைட்டா இருக்குப்பா," என்றான்.

உள்ளே போய் வேறு சட்டை மாற்றிக்கொண்டு வந்தேன். அவன் காத்திருந்தான். வகுப்புக்கு நேரமாகிவிட்டது, இருந்தாலும் வழியெல்லாம் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, அண்ணாச்சி. நீங்கள் நான் கேட்காமலே சொன்னவர். மற்றவர்களிடம் நான்தான் கேட்க வேண்டும் என்று இப்போது புரிகிறது. இடது பக்கத்துக் கறை இன்னும் முழுதாகப் போகவில்லை. வருகிற ஞாயிறும் அவனையே கேட்பேன்.