புத்தகத்து மரியத்தைத் தேடி வந்த அம்மாளை விடுவிக்கக் கோருதல்

அனுப்புநர்:
சாலிஹா பீவி,
க/பெ. சீனி முகம்மது,
கடற்கரைத் தெரு,
திருப்பாலைக்குடி.

பெறுநர்:
ரெவின்யூ டிவிஷனல் ஆபீசர் அவர்கள்,
இராமநாதபுரம்.

பொருள்: காவலில் உள்ள கும்பகோணம் செண்பகவல்லி அம்மாள் குறித்து.

கனம் பொருந்திய அய்யா அவர்களுக்கு,

1. நான் கருவாடு காயப்போட்டுப் பிழைப்பவள். என் மகன் காசிம் மீன்பிடிக்கப் போய்த் திரும்பவில்லை. மய்யித்தும் கரை சேரவில்லை; அடக்கம் செய்ய ஒரு கபுரும் இல்லை. சில வருஷங்களுக்கு முன் மதராஸிலிருந்து சுகந்தி என்ற படித்த அம்மாள் வந்து தங்கி, எங்கள் கடலோரத்து மக்களைப் பற்றிப் புத்தகம் எழுதினார். வேலையோடு வேலையாக நான் சொன்னதையும் எழுதிக்கொண்டார். எனக்கு உபத்திரவம் வரக்கூடாதென்று, என்னைக் கேட்டே, என் பெயரை மரியம் என்றும் ஊர்ப் பெயரை வேறாகவும் மாற்றினார். எழுதப் படிக்கத் தெரியாத நான் அதோடு மறந்துவிட்டேன்.

2. சென்ற வாரம் ஒரு வெளியூர் அம்மாள், மகனைக் கடலில் இழந்த மரியம் வீடு எது என்று கடற்கரை ஊர்களில் கேட்டுத் திரிந்திருக்கிறார். கள்ளத்தோணிக்கு ஆள் சேர்ப்பவரோ என்று சந்தேகித்துக் காவலில் வைத்தார்கள். அப்படியொரு மரியம் இந்தப் பக்கமே இல்லையென்று விசாரித்தவர்களும் எழுதிவிட்டார்கள்.

3. செய்தி கேட்டு காவல் நிலையத்துக்கு நேரில் போனேன். செண்பகவல்லி அம்மாள், பர்மாவுக்குப் போன மகனைச் சண்டைக் காலத்தில் பறிகொடுத்தவர்; சுகந்தி அம்மாளின் புத்தகத்தைப் படித்துவிட்டு வந்தவர். நான் யாரென்று அறியாமலே, "மரியம் என்ன சொல்லியிருக்காங்க தெரியுமா?" என்று கேட்டு, மனப்பாடமாகச் சொன்னார்: "கபுரு இல்லாத புள்ளைக்கு எந்தப் பக்கம் பாத்து துஆ கேக்குறது? நான் கடலப் பாத்தே கேக்குறேன்."

அய்யா, அது என் வாய்ச்சொல். ஓர் எழுத்தும் மாறவில்லை. நானே மறந்துபோன சொல், முன்பின் தெரியாத ஒரு தாயின் வீட்டுக்குள் போய், அவரைக் கூட்டிவந்து என் முன்னால் நிறுத்தியிருக்கிறது. அல்லாஹ்வின் குதரத்தை, அவன் வல்லமையை நினைத்து மேலெல்லாம் புல்லரித்தது. பிறகு, "நாந்தாம்மா அது" என்றேன். கருவாட்டு வாடை வீசும் என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

4. காவலரோ, "புத்தகத்துல மரியம்னுல இருக்கு? நீ சாலிஹா. வீட்டுக்குப் போ" என்று என்னை அனுப்பிவிட்டார். பெயரை மறைத்தது என் நன்மைக்காக. அதனால் இன்னொரு தாய்க்குக் கஷ்டம் வருமென்று சுகந்தி அம்மாள் நினைத்திருக்க மாட்டார். ஆகையால் மரியம் என்பவள் நானே என்று முழு மனதோடு தெரிவித்துக்கொள்கிறேன். சுகந்தி அம்மாளைக் கேட்டாலும் சொல்வார்.

செண்பகவல்லி அம்மாளை என் பொறுப்பில், என் வீட்டுக்கு அனுப்பிவைக்கும்படி மன்றாடிக் கேட்கிறேன். என்னைப் பற்றி அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. அவர் மகனின் பெயர்கூட எனக்குத் தெரியாது. அதைக் கேட்பதற்குள் என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள், அய்யா.

இடம்: திருப்பாலைக்குடி
நாள்: 14-3-1961

இங்ஙனம்,
சாலிஹா பீவி
(இடது கைப் பெருவிரல் ரேகை)

மேற்படியார் சொல்லச் சொல்ல எழுதியது: அப்துல் அஜீஸ்