வீட்டுக்கு வருமுன்

என் தங்கத்துக்கு,

குடியை விட்டுவிட்டாய், அடுத்த வாரம் அனுப்பிவிடுவோம் என்று உன் டாக்டர் போனில் சொன்னார். சந்தோஷம். அதற்குள் நம் நாயைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

போன மாதம் சிலிண்டர் போட வந்தவர் நெற்றி வியர்வையைத் துடைக்கக் கையைத் தூக்கினார். அவ்வளவுதான், நாய் கட்டிலுக்கடியில் ஒடுங்கிக்கொண்டு உறுமியது. பாவம், அவர் கொஞ்சிக்கொண்டே கிட்டே போனார். கையைக் கடித்துவிட்டது.

நாயை அதன் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு ஓடினேன்.

"இது திமிர் இல்லம்மா, பயம். ஓட வழி இல்லன்னா கடிக்கத்தான் செய்யும். உறுமினா அதட்டாதீங்க, விலகிப் போயிடுங்க. வீட்ல யாராச்சும் இத அடிச்சாங்களா?"

நான் குனிந்து நாயைத் தடவிக்கொடுத்தேன். என் புருவத்துத் தழும்பைப் பார்த்தவர் மேலே எதுவும் கேட்கவில்லை.

இப்போதெல்லாம் தெருவில் தூரத்தில் ஓர் ஆண் வந்தாலே அதற்கு ரொட்டித் துண்டு கொடுக்கிறேன். நடுக்கம் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

அதனால் நேரே வீட்டுக்கு வராதே, கண்ணு. பூட்டையும் மாற்றிவிட்டேன், பழையது சிக்கிக்கொண்டே இருந்தது. பூங்கா பெஞ்சில் உட்கார்ந்திரு. குரலை உயர்த்தாதே, கையை நீட்டாதே. நாங்கள் எதிர்ப்பக்கம் நிற்போம். அது உறுமினால் கோபப்படாதே. அதுவாகக் கிட்டே வரும்வரை எழுந்திருக்காதே.

அதுவரை நானும் அதன் பக்கத்திலேயேதான் நிற்பேன்.

உன் அம்மா