உன் பேர் வைக்க முடியாமல் போன பூ

அடி என் அமுதா,

மாசி பிறந்துவிட்டது. திருப்புட்குழி ஏரிக்கரைப் புதருக்குள் உன் பூ இந்த வருடமும் வந்திருக்கிறது. 'உன் பூ' என்றுதான் கை தானாக எழுதுகிறது. அப்படி எழுதலாமா?

இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. ஏனாத்தூர்ப் பக்கம் நாம் இருவரும் தாவரவியல் நடத்திய கல்லூரியில், உன்னிடம் படித்த பிள்ளைகள் எங்கே பார்த்தாலும் என்னிடம் ஒன்றைத்தான் கேட்கிறார்கள். "மேடம், அமுதா மேடம் பேர்ல பூ வந்துட்டுதா?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை.

நாம் அன்று புல் சேகரிக்கத்தான் போனோம், நினைவிருக்கிறதா? என் ஸ்கூட்டரின் பின்னால் இருந்து நீ முதுகில் தட்டினாய். "நிறுத்துடி, நிறுத்து. அங்க ஒண்ணு நிக்குது பாரு." காரைப்புதர் நிழலில் இலையே இல்லாத ஒரு நெட்டைத் தண்டு. அடியில் பச்சை வெங்காயம் போல ஒரு குமிழ், பாதி மண்ணுக்குள், பாதி வெளியே. தண்டு முழுக்கச் சின்னச் சின்னப் பூக்கள்.

மரத்தில் ஒட்டி வளரும் ஆர்க்கிட் மலைக்காட்டில் கிடைக்கும். மண்ணில் வேர்விட்டு வளரும் ஆர்க்கிட், நம் காஞ்சிபுரத்துப் பொட்டல் வெயிலில்! நீ முழங்கால் போட்டு உட்கார்ந்து லென்ஸைக் கண்ணில் வைத்தவள், எழுந்திருக்கவே இல்லை. பழுப்புக் கோடு ஓடும் பச்சை இதழ்கள். நடுவில் உதடு போல நீட்டிக்கொண்டிருக்கும் வெள்ளை இதழ். அதற்குப் பின்னால் மழுங்கிய குட்டி வால்.

"யூலோபியா கிராமினியா மாதிரி இருக்குது. ஆனா அது இல்லடி" என்றாய். அந்த இனத்துக்கு உதட்டின் மேல் இளஞ்சிவப்பு வரிகள் இருக்க வேண்டும். இதில் அந்த வரிகள் அடிவரை மஞ்சள். வாலும் கட்டை. "இது புதுசு சுமதி. யாரும் இன்னும் எழுதாதது."

அடுத்த மாசிக்குள் உனக்கு மார்பில் கட்டி என்று சொல்லிவிட்டார்கள். அதற்கடுத்த மாசியில் நீ இல்லை.

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு, உன் வீட்டுக்காரர் முருகேசன் அண்ணா தறிமேடையில் உட்கார்ந்திருந்தார். சாப்பிடவே இல்லை. என்னிடம் சொல்ல ஆறுதல் எதுவும் இல்லை. அதனால் மனதில் இருந்ததைச் சொன்னேன். அந்தப் பூவை முறைப்படி வருணித்து வெளியிடப்போகிறேன், அதற்கு உன் பேரைத்தான் வைக்கப்போகிறேன் என்று.

அவர் நிமிர்ந்தார். "வெளிநாட்டுக்காரன்கூட அவ பேரத்தான் சொல்லுவானா?"

"ஆமாண்ணா. அமுதாயேன்னு முடியும். பொம்பளைங்க பேர்ல வெச்சா லத்தீன்ல அப்படித்தான் முடிக்கணும்."

"அமுதாயே" என்று இரண்டு முறை மெல்லச் சொல்லிப் பார்த்தார். பிறகு எழுந்து போய்ச் சாப்பாடு போடச் சொன்னார்.

அன்றிலிருந்து அது என் வேலை மட்டும் இல்லை என்று ஆகிவிட்டது அமுதா. நெசவாளர் சங்கத்தில், டீக்கடையில், ஏகாம்பரநாதர் கோயில் வாசலில் என்று அண்ணா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். உன் பெண் கயல் பள்ளியில் சொன்னாள்.

வருணனையை எழுத உட்கார்ந்தேன். குமிழ், தண்டு, பூக்காம்பு, இதழ், உதடு, வால், மகரந்தத் திரள் என்று வரிசையாக எழுதிக்கொண்டு போனால், கடைசியில் ஒரு கேள்வி வரும். நெருங்கிய இனத்திலிருந்து இது எதில் வேறுபடுகிறது? அதற்கு நம்மிடம் ஒரே இடத்துச் செடிகள்தான் இருந்தன. போதாது என்று உனக்குத் தெரியாதா என்ன? ஆஸ்பத்திரிக் கட்டிலில்கூட, "இன்னும் நாலு எடத்துல பாருடி. எம் மனசு புதுசுன்னுதான் சொல்லுது. மனசு சொல்றத எழுத முடியாது" என்றாயே.

தேடினேன். திருப்பருத்திக்குன்றம் தாண்டி வேகவதிக் கரையோரம் கிடைத்தது. அங்கே உதட்டு வரிகள் மஞ்சளாக ஆரம்பித்து நுனியில் இளஞ்சிவப்பாக முடிந்தன. வயல் வரப்பொன்றில், வெட்டவெளி வெயிலில் நின்ற செடியில் முழுக்க இளஞ்சிவப்பு. வால் ஓர் இடத்தில் கட்டை, இன்னோர் இடத்தில் நீளம், வேறோர் இடத்தில் இரண்டுக்கும் நடுவே. எந்த இடத்தில் கோடு கிழித்து, இந்தப் பக்கம் பழசு, அந்தப் பக்கம் புதுசு என்று சொல்வது?

கோயம்புத்தூர் தாவரக் காப்பகத்துக்குப் போய், கிராமினியா என்று பேரிட்டு உலர்த்தி ஒட்டிய பழைய செடித் தாள்களைப் பார்த்தேன். அனுமதி வாங்கி, காய்ந்த பூ ஒன்றை வெந்நீரில் போட்டு இளக்கி, லென்ஸுக்கு அடியில் விரித்தேன். மழுங்கிய குட்டி வால். தாளின் மூலையில் எவரோ எப்போதோ எழுதி வைத்திருந்தார்கள்: உதட்டு வரி மஞ்சள்.

அமுதா, அங்கேயே எனக்குத் தெரிந்துவிட்டது. நம் பூ புதுசு இல்லை. ரொம்ப நாளாகப் பேர் உள்ள பூ. இடத்துக்கு இடம் முகம் மாற்றிக்கொள்ளும் பூ. பேருந்தில் திரும்பி வரும்போது பக்கத்தில் இருந்த அம்மா என் முகத்தைப் பார்த்து, "யாராவது தவறிட்டாங்களா கண்ணு?" என்று கேட்டார்.

நம் துறையில் ஒருவர் அக்கறையோடுதான் சொன்னார். "வெளியிடுங்க மேடம். தப்புன்னு இன்னொருத்தர் கண்டுபுடிச்சி எழுதறதுக்கு வருஷக்கணக்கா ஆவும். அதுவரைக்கும் அவங்க பேரு இருக்குமே." இரண்டு நாள் அதையே யோசித்தேன். பொய் சொல்லமாட்டேன், ஆசையாக இருந்தது. ஆனால் இந்தச் செடிக்கு அப்படி வைத்த பேர்கள் ஏற்கெனவே எத்தனையோ உண்டு. ஒவ்வொன்றும் தள்ளப்பட்டு, பழைய பேருக்குக் கீழே சின்ன எழுத்தில் கிடக்கிறது. அந்தக் கூட்டத்தில், தள்ளுபடியான பேராக உன்னை எப்படிக் கொண்டுபோய் நிறுத்துவேன்?

எப்போது சொல்வது என்று தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தபோதுதான் முருகேசன் அண்ணா போன் செய்தார். உன் மூன்றாம் ஆண்டு நினைவு நாளுக்கு பேனர் அடிக்கக் கொடுக்கப் போகிறாராம். "உன் படமும் இல்ல, என் படமும் இல்ல சுமதிமா. ஒரு பக்கம் அவ, ஒரு பக்கம் அந்தப் பூ. கீழ அந்த இங்கிலீஷ் பேரு. எழுத்துப்பிழை வரக்கூடாது, வந்து பாத்துட்டுப் போ."

போனேன். கம்ப்யூட்டரில் கயல் பேனரைத் திறந்து வைத்திருந்தாள். உன் சிரித்த முகம். பக்கத்தில் நாம் எடுத்த படம். 'உலகம் உள்ளவரை உன் பெயரில் ஒரு மலர்.' நான் உட்காரவில்லை. நின்றபடியே சொல்லிவிட்டேன்.

தறியில் இருந்த அண்ணாவின் கை நின்றது.

"ஊரெல்லாம் சொல்லிக்கினு இருக்கேனேம்மா" என்றார்.

"தெரியும்ணா. என்னாலதான்."

"அதுக்கில்ல." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அவ போனப்புறம் எனக்குன்னு சொல்லிக்க அது ஒண்ணுதான் இருந்துது."

கயல்தான் வெடித்தாள். "அப்போ எங்கம்மா சொன்னது தப்பா பெரியம்மா?"

"தப்பு இல்லடா. அவ பாத்த செடியில அவ பாத்தது அத்தனையும் சரி. நாங்க பாக்காத செடிங்க இருந்துது, அவ்ளோதான்."

"நீங்க விட்டிருந்தா யாருக்கும் தெரிஞ்சே இருக்காது."

"உங்கம்மா விட்டிருப்பாளா?"

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அண்ணா எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்து முடிக்கும்வரை நின்றுகொண்டே இருந்தார். பிறகு, "அவளா இருந்தா முதல் ஆளா கிழிச்சிப் போட்டிருப்பா" என்றார். சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. நான் அங்கேயே அழுதேன் அமுதா. உன் சாவுக்குக்கூட நான் அப்படி அழவில்லை.

மூன்று நாள் அந்த வீட்டிலிருந்து பேச்சே இல்லை. நினைவு நாள் காலையில் தயங்கித் தயங்கித்தான் உங்கள் தெருவுக்குள் நுழைந்தேன். முனையில் பேனர் கட்டியிருந்தது. நீயும் பூவும் அப்படியே இருந்தீர்கள். கீழே எழுத்தை மாற்றியிருந்தாள் கயல்.

'எங்கள் அம்மா பார்த்த பூ.'

போகிற வருகிறவர்கள் நின்று படிக்கிறார்கள். எங்கே பார்த்தார்கள், என்ன பூ அது என்று அண்ணாவைக் கேட்கிறார்கள். அவரும் ஒவ்வொருவருக்கும் சொல்கிறார். பொட்டல்ல வளரும், பூக்கும்போது இலை இருக்காது, இடத்துக்கு இடம் நிறம் மாறும். உன்னைவிட நன்றாகவே பாடம் நடத்துகிறார் போ.

நம் கட்டுரை வெளிவரப்போகிறது. புது இனம் என்று இல்லை. இந்த ஓர் இனம் நம் வட்டாரத்தில் எத்தனை விதமாகப் பூக்கிறது என்பதைப் பற்றி. உன் பேர்தான் முதலில். பேருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு சிலுவைக்குறி போடுவார்கள், ஆசிரியர் இறந்துவிட்டார் என்பதற்கு. அச்சுக்கு முன் வந்த பிரதியில் அதைப் பார்த்தபோது மேற்கொண்டு படிக்க முடியாமல் மூடி வைத்துவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை கயலே கேட்டாள், என்னை அங்கே கூட்டிப் போங்க என்று. அவள் அந்தப் பூவை நேரில் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. புதருக்கு முன்னால் ரொம்ப நேரம் குந்தி இருந்தாள். ஒரு கருவண்டு வந்து உதட்டில் உட்கார்ந்து உள்ளே தலையை விட்டது. வெளியே வந்தபோது அதன் முதுகில் மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது. "மகரந்தமா?" என்றாள். ஆமாம், ஆனால் இந்தப் பூவில் தேன் கிடையாது என்றேன்.

"அதுல தேனே இல்லன்னு சொல்றீங்க. அப்புறம் ஏன் வருது? ஒரு தடவ ஏமாந்தா அறிவு வராதா அதுக்கு?"

எனக்குத் தெரியவில்லை அமுதா. தெரியலடா என்று அவளிடம் அப்படியே சொன்னேன். முதல் முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தாள், உன் பல்வரிசையோடு.

ஒவ்வொரு மாசியிலும் அவளை அங்கே அழைத்துப் போவேன். அவள் கேட்பதற்குத் தெரிந்தால் சொல்வேன். தெரியாவிட்டால் இருவரும் உட்கார்ந்து பார்ப்போம். இல்லாத ஒன்றை இருக்கிறது என்று உன் மகளிடம் ஒருநாளும் சொல்லமாட்டேன்.

உன் கயலுக்குப் பெரியம்மா,
உனக்கு என்றைக்கும் 'வாடி போடி',
சுமதி